பஸ்ஸில் போன தாய் இறால்கள்

தாய் இறாலைக் கையில் எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கொடுக்குகளுக்குப் பின்னால், முதுகை இரண்டு விரல்களால் பிடிக்க வேண்டும். பிடித்தவுடன் அது வாலை வயிற்றோடு மடித்து இறுக்கிக்கொள்ளும். அவசரப்பட்டு விரித்தால் முட்டை உதிரும். தண்ணீருக்கு உள்ளேயே பிடித்தபடி சும்மா இருக்க வேண்டும். நம்மால் ஆபத்தில்லை என்று அதற்குத் தோன்றினால் வால் தானாகத் தளரும். அப்போதுதான் அடியில் பார்க்கலாம்.

அன்று காலை ஜெயராணி பார்த்தாள். போன வாரம்வரை பழுப்பாக இருந்த முட்டைகள் செம்மஞ்சளாகியிருந்தன. திராட்சைக் குலைபோல வாலடியில் தொங்கிய அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கரும்புள்ளிகள்.

"நானா, கண்ணு வந்துருச்சு!"

நானா என்று அவள் கூப்பிடும் தாஸிம் பல்துலக்கும் பிரஷ் வாயில் இருக்க ஓடி வந்தார். குனிந்து பார்த்தார். வாய் நிறைய நுரையோடு "அல்ஹம்துலில்லாஹ்" என்றதில் பாதி அவருடைய சட்டையில் விழுந்தது.

"இன்னும் கொஞ்ச நாள்தான் ஜெயராணி. கையைக் காலை அடக்கிட்டு ஈப்போம்."

"எனக்குச் சொல்லாதீங்க, அதுகளுக்குச் சொல்லுங்க. அஞ்சு ஜோடிக் காலு இருக்கு."

பிலிமத்தலாவை கடைத்தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு குறுக்கு வீதியில் இருந்தது தாஸிமின் வீடு. அதற்குப் பின்னால், முன்பு பித்தளைச் சாமான்கள் அடுக்கிவைத்திருந்த கொட்டகையில், இப்போது தொட்டிகள். கட்டாரில் சமையல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய தாஸிம் அங்கே நன்னீர் இறால் குஞ்சு பொரிக்க வைக்கிறார். சாதாரண இறால் இல்லை. நண்டுபோலக் கொடுக்கு வைத்த, நீல நிற இறால். அவர் அதை கிரேபிஷ் என்பார். ஜெயராணி கொடுக்கு இறால் என்பாள்.

முதல் தடவை குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரினில் தாய்களோடு முட்டையும் போயிற்று. இரண்டாம் தடவை குஞ்சு பொரித்தது. ஆனால் ஒளிந்துகொள்ள இடம் இல்லாமல் ஒன்றை ஒன்று தின்று தீர்த்தது. இந்த இறால் சட்டை கழற்றும் இனம். பழைய ஓட்டை உரித்துப் போட்டுவிட்டு, புது ஓடு இறுகும்வரை பஞ்சுபோலக் கிடக்கும். அந்த நேரத்தில் கண்ணில் பட்டால் கூடப்பிறந்ததே கடித்துவிடும். ஜெயராணி வேலைக்கு வந்த புதிதில் ஒரு வெற்று ஓட்டைப் பார்த்து "செத்துருச்சு நானா" என்று அழுதேவிட்டாள். "அழாதீங்க, அது குளிச்சிட்டு உடுப்ப மாத்தியீக்கி" என்று தாஸிம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மறைவிடத்துக்கு வழி கண்டுபிடித்தவள் அவள்தான். மிச்சமான பிளாஸ்டிக் குழாய்களைச் சாண் அளவு வெட்டி, ஒரு பக்கத்தைச் சிமெந்து வைத்து அடைத்தாள். ஒரு குழாய்க்கு ஒரு இறால். பின்பக்கம் அடைபட்டிருந்ததால் முதுகுப் பக்கம் பயமில்லை. வாசலில் கொடுக்கை நீட்டிக்கொண்டு ராணிபோல உட்கார்ந்திருக்கும். சிமெந்து வெடித்த குழாய்களைக் கொட்டகைக்குப் பின்னால், மதிலோரம் எறிந்துவிடுவாள்.

இந்தத் தடவையும் பொரிக்காவிட்டால் கொட்டகையை மூடிவிட்டு மச்சானின் கடையில் நிற்கப்போவதாகத் தாஸிம் சொல்லியிருந்தார். அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஜெயராணிக்கு அது சிரிப்பாக இல்லை. அவளுக்கு இந்தக் கொட்டகையை விட்டால், பகல் முழுவதும் இருக்க வேறு இடம் இல்லை.

அவளுடைய ஊர் ஹந்தானை. தேயிலை மலையில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு. கணவர் கணேஸ் கொழும்பில் கட்டட வேலை. தீபாவளிக்கு வந்தால் உண்டு. ஒரே மகன் சுதேஷ், சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தவன், மூன்று வருடங்களுக்கு முன் டெங்கில் போனான். அடித்துப்போட்ட காய்ச்சல் ஒரு காலையில் விட்டது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், குளிர்ந்திருந்தது. ரசம் வைத்துச் சோறு பிசைந்து கொடுத்தாள். அவனும் சாப்பிட்டான். "நீ போம்மா, எனக்கு ஒண்ணுமில்ல" என்றான். கொழுந்து நிறைந்திருந்த காலம்; கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். மாலையில் வந்து பார்த்தபோது அவனுடைய கை கால் ஐஸ்போல இருந்தது. தோட்டத்து லொறியில் கண்டிக்கு இறக்கியபோது நாடி பிடிபடவில்லை. காய்ச்சல் விடும் நேரம்தான் டெங்கில் ஆபத்தான நேரம் என்று ஒரு டாக்டர் பிள்ளை அவளிடம் சொன்னது, எல்லாம் முடிந்த பிறகு.

அதற்குப் பிறகு அவளால் அந்த மலையில் கொழுந்து பறிக்க முடியவில்லை. எங்கே நின்றாலும் லயத்துக் கூரை தெரிந்தது. யாரோ சொல்லித் தாஸிமிடம் வந்தாள். காலையில் முதல் பஸ்ஸில் இறங்கி வந்து, தொட்டிகளைத் துடைத்து, பலா இலைச் சருகும் அவித்த கரட்டும் போட்டு, தாய்களைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு இருந்தால் நாள் போய்விடும்.

பக்கத்து வீட்டில் நில்மினி இருந்தாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை, ஜெயராணிக்குச் சிங்களம் அரைகுறை. இரண்டு பேரும் மதிலுக்கு மேலால் நாள் முழுவதும் பேசுவார்கள். நில்மினியின் மகள் செனுலி இன்னும் பாலர் பாடசாலைதான். மதில் ஓட்டையில் கண்ணை வைத்து, "இறால் அன்ட்டி, பேபி வந்தாச்சா?" என்று தினமும் கேட்பாள்.

"இன்னும் இல்லடி. வந்தா மொதல்ல ஒனக்குத்தான் சொல்லுவேன்."

அந்த மாதம் மழையும் வெயிலும் மாறி மாறி அடித்தது. கடைத்தெருப் பக்கம் டெங்கு என்று பேச்சு வந்தது. ஒரு மாலை புகை அடிக்கும் ஆட்கள் முதுகில் மெஷினோடு வீதிக்குள் வந்தார்கள். தாஸிம் அன்று வெளியே போயிருந்தார். சத்தம் கேட்டு ஜெயராணி அவருக்குப் போன் எடுத்தாள்.

"கேட்டைத் தொறக்க வாணாம்" என்றார் தாஸிம். "அந்தப் புகை நுளம்பக் கொல்றதுக்கு முந்தி நம்மட இறாலக் கொல்லும். காத்து பம்ப் இழுத்து நேரா தண்ணிக்குள்ள விட்டிரும். ஊட்டுல ஆள் இல்லண்டு செல்லுங்க."

"நான் இருக்கேனே நானா."

"நீங்க சத்தம் போடாம உள்ளுக்கு ஈங்க."

அவள் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். வெளியே யாரோ கேட்டை ஆட்டினார்கள். கூப்பிட்டார்கள். அவள் மூச்சையும் மெதுவாக விட்டாள். பம்புகள் கொர் கொர் என்றன. பிறகு மெஷின் சத்தம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. செய்தது சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை. தாய்களைத் தூக்கிப் பார்த்தாள். முட்டைகள் பத்திரமாக இருந்தன.

செனுலிக்குக் காய்ச்சல் வந்தது, முட்டைகளில் கண் தெரிந்த அதே வாரம்.

"டிஸ்பென்சரி டாக்டர் பனடோல் குடுத்தார் அக்கே" என்றாள் நில்மினி. "வைரஸ் காய்ச்சல்னு சொன்னார்."

தாஸிம் மனைவி ஜஹானாவோடும் குடும்பத்தோடும் குருநாகலுக்குக் கலியாணத்துக்குப் போனார். வீட்டைப் பூட்டி, கேட் சாவியையும் கொட்டகைச் சாவியையும் ஜெயராணியிடம் கொடுத்தார். "நாளண்டைக்கு வந்திருவேன். அதுக்குள்ள பொரிச்சா, எந்நேரமெண்டாலும் கோல் எடுங்க, கலியாண மேடையிலிருந்தாலும் எடுப்பேன்."

"மாப்புள நீங்களா?"

"ஜஹானாக்குக் கேட்டிரும், மெதுவா பேசுங்க."

மறுநாள் காலை நில்மினி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அக்கே, காய்ச்சல் விட்டாச்சு! இப்ப நல்லா தூங்குறா. குளிர்ந்துட்டா."

ஜெயராணியின் கையில் ஒரு தாய் இறால் இருந்தது. அதைத் தண்ணீரில் விட்டாளா, போட்டாளா என்பது அவளுக்கு நினைவில்லை. ஈரக் கையோடு கேட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் போனாள். பிள்ளையின் பாதத்தைத் தொட்டாள். தூங்கவில்லை அது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

"காய்ச்சல் இல்லையே அக்கே..."

"இல்லங்கிறதாலதான் சொல்றேன்! எம்புள்ளக்கும் இல்ல. தூக்கு. தூக்குடி!"

நில்மினி அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கினாள். முச்சக்கரவண்டி வந்தது.

மத்தியானத்துக்குள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ., வந்துவிட்டார். இளம் வயது, நல்ல தமிழ் பேசினார். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருந்தது: டெங்குதான். செனுலி தீவிர சிகிச்சையில். சுற்றியுள்ள வீடுகளையெல்லாம் பார்க்க வேண்டும் என்றார். இந்தத் தடவை ஜெயராணி கேட்டைத் திறந்தாள்.

தொட்டிகளை டோர்ச் அடித்துப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. குளோரின் பறக்கட்டும் என்று தண்ணீர் பிடித்துவைத்திருந்த பீப்பாய்களைப் பார்த்தார். ஒவ்வொன்றின் வாயையும் அவள் பழைய சேலைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க அக்கா" என்றார். அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அவர் கொட்டகைக்குப் பின்னால் போனார்.

மதிலோரம் வெடித்த குழாய்கள் கிடந்தன. சில சாய்ந்து, சில வாய் மேலே பார்த்து நின்றன. ஒரு பக்கம் சிமெந்து அடைத்திருந்ததால் மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் நின்றிருந்தது. பீ.எச்.ஐ. ஒரு குழாயை எடுத்து ஒரு வெள்ளைக் கோப்பையில் கவிழ்த்தார். தண்ணீரில் கருகருவென்று புழுக்கள் நெளிந்தன. இன்னொன்றைக் கவிழ்த்தார். அதிலும்.

மதிலில் செனுலி கண்ணை வைத்துப் பார்க்கும் ஓட்டை, அந்தக் குவியலுக்கு நேர் மேலே இருந்தது.

"இது என்ன குழாய்?" என்று கேட்டார்.

"நான் செஞ்சதுங்க" என்றாள் ஜெயராணி.

அவர் திட்டவில்லை. எல்லாவற்றையும் கவிழ்த்து உடைக்கச் சொன்னார். மாலையில் புகை அடிக்க வருவார்கள், கொட்டகைக்குள்ளும் அடிக்க வேண்டும், கேட்டை மூட வேண்டாம் என்றார். அவர் போனதும் ஜெயராணி ஒரு கல்லை எடுத்துக் குழாய்களை ஒவ்வொன்றாக உடைத்தாள். உடைந்து தூளான பிறகும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தாஸிமுக்குப் போன் எடுத்தாள். பின்னால் கலியாண வீட்டு இரைச்சல் கேட்டது.

"ஒரு நாள்" என்றார் அவர். "ஒரே ஒரு நாள் தள்ளிப் போடச் செல்லுங்க ஜெயராணி. நான் வந்து பேசிக்கொள்றேன். கேட்டைப் பூட்டிட்டு நீங்க ஊருக்குப் போங்க."

"நம்ம கொழாயிலதான் புழு இருந்துச்சு நானா."

"எந்தக் கொழாய்?"

"நான் சிமெந்து வச்ச கொழாய்."

யாரோ தாஸிமைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"அந்தப் புள்ளக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டார் கடைசியில்.

"தெரியாதுங்க. நான் கேட்டைத் தொறந்து வைக்கிறேன் நானா. தாய்களக் காப்பாத்திடறேன்."

அவள் போனை வைத்தாள்.

கொடுக்கு இறால் ஈரமாக இருந்தால் தண்ணீருக்கு வெளியேயும் சில மணி நேரம் தாங்கும். தாஸிம் கொழும்பிலிருந்து முதல் தாய்களைக் கொண்டுவந்ததே அப்படித்தான். வீடு பூட்டியிருந்தது, வீதி முழுவதும் புகை வரப்போகிறது. போக்கிடம் ஹந்தானை ஒன்றுதான். அவள் ஒரு அகலமான வாளியை எடுத்து, அடியில் நனைத்த சாக்கை விரித்தாள். முட்டை சுமந்த தாய்களை மட்டும், ஒவ்வொன்றையும் வால் தளரும்வரை காத்திருந்து பார்த்து, இடையில் ஈரத்துணி வைத்து அடுக்கினாள். ஆண் இறால்களுக்கு வாளியில் இடமில்லை. அவற்றின் தொட்டிகளைப் பொலித்தீனால் மூடிக் கட்டினாள். பம்புகளை நிறுத்தினாள். அந்தக் கொட்டகை அவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதே இல்லை. கொட்டகைக் கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, கேட்டை விரியத் திறந்துபோட்டுவிட்டு நடந்தாள்.

கண்டி பஸ்ஸில் ஆள் தொங்கிக்கொண்டிருந்தது. கொண்டக்டர் வாளியைப் பார்த்தான்.

"அக்கா, அதுக்கும் டிக்கட் போடவா?"

"போடு, போடு. எத்தன பேருன்னு எண்ணிக்க."

பக்கத்தில் நின்ற பாடசாலைப் பிள்ளை ஒன்று காலை இழுத்துக்கொண்டது. "அன்ட்டி, உள்ளுக்கு என்னமோ பிராண்டுது!"

"புள்ளத்தாச்சிங்க. இடிக்காம நில்லு."

துணியைத் தூக்கி அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்தது. நீலக் கொடுக்கு ஒன்று மெதுவாக ஆடியது. பஸ் முழுவதும் செய்தி பரவியது. முன்னால் இருந்து ஒருவர் சத்தம் போட்டார்: "ஏய், கர்ப்பிணித் தாய்மாருக்குன்னு ஒதுக்கின சீட்டுல ஆம்பள ஒக்காந்திருக்கான் பாரு! எழும்பு தம்பி, தாய்மாரு வந்திருக்காங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பையன் உண்மையாகவே எழும்பிவிட்டான். ஜெயராணி வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேராதனைப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது இரண்டு கைகளாலும் வாளியை அணைத்துக்கொண்டாள். நில்மினிக்குப் போன் எடுத்துப் பார்த்தாள். பதில் இல்லை.

கண்டியில் பஸ் மாறி ஹந்தானையில் இறங்கியபோது மலையில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. நேரே பீலிக்குப் போனாள். பாறையிலிருந்து மூங்கில்போல நீட்டிய குழாய் வழியாக இரவு பகலாக விழும் ஊற்றுத் தண்ணீர் அது. பக்கத்து லயத்துப் பாலம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"என்ன ராணி, இறால் கொழம்பா? எனக்கும் ஒரு கிண்ணம்."

"வாயக் கழுவு. புள்ள வயித்தோட இருக்குதுங்க."

பெரிய பேசினை நிரப்பினாள். புதுத் தண்ணீருக்கு இறாலை மாற்றும்போது கோப்பை கோப்பையாகக் கலந்து பழக்க வேண்டும் என்பது கொட்டகைச் சட்டம். குழாய்த் தண்ணீரில் அவள் ஒரு நாளும் அதை மீறியதில்லை. ஆனால் இது பீலித் தண்ணீர். குளோரின் இல்லை, மருந்து இல்லை. பிறந்த நாளிலிருந்து குடித்த தண்ணீர். சுதேஷுக்கும் முதல் தடவை தலை குளிப்பாட்டிய தண்ணீர். இதைவிட நல்ல தண்ணீர் உலகத்தில் இருக்கிறது என்று அவள் நினைத்ததே இல்லை. ஒவ்வொரு தாயாக எடுத்து, பத்திரமாக உள்ளே விட்டாள்.

கொட்டகைத் தொட்டியில் இரவும் பகலும் ஹீட்டர் எரியும். பீலித் தண்ணீர் கையை விறைக்க வைக்கும்.

முதலாவது இறால் வாலை ஒரு தரம் அடித்தது. பிறகு இன்னொன்று. பட் பட்டென்று, ஈரத் துணியைக் கல்லில் அறைவதுபோல, எல்லாமே வாலை அடிக்கத் தொடங்கின. தண்ணீர் தெறித்தது. "ஐயோ, என்னடி பண்ணுது?" என்றாள் பாலம்மா. ஜெயராணி தண்ணீருக்குள் கையை விட்டாள். தண்ணீர் எவ்வளவு குளிர் என்பது அப்போதுதான் அவளுக்குப் பட்டது.

"சுடுதண்ணி! அக்கா, சுடுதண்ணி கொண்டா!"

பாலம்மா ஓடினாள். கேத்தல் வந்தது. கலந்தார்கள். சூடு ஏறியது. இறால்கள் அடங்கின. தண்ணீரும் அடங்கித் தெளிந்தது. பேசினின் அடியில் செம்மஞ்சள் முட்டைகள் மணல்போலப் படிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு கரும்புள்ளிகள். தாய் உதறிய முட்டையைத் திரும்ப ஒட்டவைக்க யாராலும் முடியாது. அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் உள்ளங்கையில் கொஞ்சத்தை அள்ளி, ஒரு தாயின் வாலடியில் வைத்துப் பார்த்தாள். விரலிடுக்கில் வழிந்து போயிற்று.

போன் அடித்தது. நில்மினி அழுதுகொண்டே பேசினாள். பிள்ளைக்குச் சேலைன் ஏறுகிறது, இரத்த அழுத்தம் நிலைக்கு வந்துவிட்டது, மாலைவரை வீட்டில் வைத்திருந்தால் கைவிட்டுப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

"சரிடி" என்றாள் ஜெயராணி. "சரி, சரி. நீ ஏதாவது சாப்பிடு." குழாயைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. போனை வைத்தபின் பேசினுக்குப் பக்கத்திலேயே ஈரத் தரையில் உட்கார்ந்தாள். பாலம்மா கேத்தலோடு நின்றுகொண்டிருந்தாள். பிறகு அவளும் உட்கார்ந்தாள்.

தாஸிம் சொன்னதற்கு முன்பே வந்துவிட்டார். மறுநாள் காலை ஜெயராணி வாளியோடு வந்தபோது கொட்டகை வாசலில் நின்றிருந்தார். புகையின் டீசல் வாடை இன்னும் போகவில்லை. பொலித்தீன் போதவில்லை, ஆண் இறால்கள் எல்லாம் செத்து மல்லாந்து கிடந்தன.

"தாய்மார்?"

"எல்லாம் உசுரோட இருக்கு நானா."

பீப்பாய்த் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி, ஹீட்டரைப் போட்டு, கோப்பை கோப்பையாகக் கலந்து அவற்றை விட்டார்கள். தாஸிம் ஒன்றை இரண்டு விரல்களால் பிடித்தார். காத்திருந்தார். வால் தளர்ந்தது. அடியில் பார்த்தார். மெதுவாக விட்டார். இன்னொன்றை எடுக்கவில்லை.

"தண்ணி ஏதும் மாத்தினீங்களா?"

"பீலித் தண்ணியில விட்டேன்."

"குளிர்தானே."

"ஆமாங்க."

அவர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

"டீ குடிச்சீங்களா?" என்று கேட்டார்.

செனுலி வீடு திரும்பியதும் நில்மினி ஒரு தட்டில் கிரிபத் என்ற பாற்சோறு கொண்டுவந்தாள். ஜெயராணி அதை வாங்குவதற்கு முன் குழாய்களைப் பற்றிச் சொன்னாள். தமிழில் பாதி, சிங்களத்தில் பாதி. நில்மினிக்கு முழுவதும் புரிந்தது. தட்டைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு அதை மதில்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். தட்டைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. மறுநாள் மதில் ஓட்டைக்குள் செனுலியின் கண் தெரிந்தது. மணிக்கட்டில் இன்னும் பிளாஸ்டர்.

"இறால் அன்ட்டி, பேபி வந்தாச்சா?"

"இல்லம்மா."

"எப்ப வரும்?"

உள்ளேயிருந்து நில்மினி மகளைக் கூப்பிட்டாள். கண் மறைந்தது.

தாஸிம் கொட்டகையை மூட முடிவு செய்தார். கண்டியில் அலங்கார மீன் விற்கும் நிஸாம் தாய்களை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, பிளாஸ்டிக் பெட்டிகளோடு வந்தான். அவன் தாஸிமோடு வெளியே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஜெயராணி கடைசித் தடவையாகத் தொட்டிக்குள் கையை விட்டாள். இரண்டு விரல், முதுகில். தண்ணீருக்கு உள்ளேயே பிடித்தபடி சும்மா நின்றாள். வால் தளர்ந்தது.

முட்டை இருக்கும்போது தாய் இறால் வாலடியில் உள்ள சின்னத் துடுப்புகளால் விசிறிக்கொண்டே இருக்கும். முட்டைக்குக் காற்றுப் படுவதற்கு. இதன் வாலடி வெறுமையாக இருந்தது. துடுப்புகள் முன்னும் பின்னும், முன்னும் பின்னும் விசிறிக்கொண்டிருந்தன.

"ரெடியா அக்கா?" என்று நிஸாம் வாசலிலிருந்து கேட்டான்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் ஜெயராணி. கையை எடுக்கவில்லை.